தேடுங்கள், தேடியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

"இணையத்தில் எதையும் தேடாதீர்கள், வீண் குழப்பம்தான் மிஞ்சும்" என்ற அறிவுரையை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் பலமுறை கேட்டிருப்பார்கள். அது நல்லெண்ணத்தில் பிறந்த அறிவுரைதான். ஆயினும் அதனோடு நாங்கள் உடன்படவில்லை. தேட வேண்டாம் என்று சொல்வதால் எவரும் தேடாமல் இருப்பதில்லை. தேடியதை வெளியே சொல்லாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் கருத்தில், தேடலைவிட ஆபத்தானது மருத்துவரிடம் சொல்லப்படாத தேடல்.

தேடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையின் முடிவு இன்று மருத்துவரின் மேசையை அடையும் முன்பே பல நேரங்களில் நோயாளியின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் மிகுதி. மருத்துவரின் எதிரே அமர்ந்து பேசக் கிடைப்பவை சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் நோயின் பெயர் காதில் விழுகிறது. அதன் பொருள் மனத்தில் பதிவதில்லை. வீடு திரும்பி, எல்லாரும் உறங்கிய பிறகுதான் கேட்க மறந்த கேள்விகள் எழுகின்றன. இந்த மாத்திரையை எத்தனை ஆண்டுகள் விழுங்க வேண்டும்? சோறு எவ்வளவு சாப்பிடலாம்? இந்நோய் பிள்ளைகளுக்கும் வருமா? இரவு பதினொரு மணிக்கு இவற்றைக் கேட்பதற்குக் கைப்பேசியைத் தவிர வேறு துணை இல்லை. இதைக் குற்றமாகக் கருதுவது நியாயமன்று. தன் நோயைப் புரிந்துகொள்ள முயலும் நோயாளி சிகிச்சைக்குத் துணை நிற்பவர் என்றே நாங்கள் நம்புகிறோம்.

ஆனால் தேடலுக்கும் ஒரு முறை உண்டு. அம்முறையைச் சொல்லித் தராமல், கிடைத்த விடைகளை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. எனவே தேடும்போது எங்கெங்கே தடுமாற நேர்கிறது என்பதை நம் ஊர் வழக்கில் உள்ள சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டே பார்க்கலாம்.

முதலில் வருவதெல்லாம் முதன்மையானது அன்று

தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் மேலே தெரியும் ஓரிரு விடைகள் பெரும்பாலும் பணம் கொடுத்து இடம் பெற்றவை. அவற்றின் ஓரத்தில் விளம்பரம் என்னும் குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். கவலையோடு தேடுபவரின் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. அவற்றுக்குக் கீழே உள்ளவையும் உண்மையின் வரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. நீங்கள் இட்ட சொற்கள் எங்கெங்கே உள்ளன, எத்தனை பிற தளங்கள் அப்பக்கத்தைச் சுட்டுகின்றன, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்த மொழியில் கேட்டீர்கள் என்பன போன்ற பல கணக்குகளால் அந்த வரிசை அமைகிறது. காணொலித் தளங்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரு காணொலியைப் பார்த்து முடித்தவுடன், அதைப் போன்ற மற்றொன்று வந்து நிற்கிறது. ஒருவர் பத்துக் காணொலிகளில் ஒரே கருத்தைக் கேட்டுவிட்டு, "பத்துப் பேரும் இதையேதான் சொல்கிறார்கள்" என்று எண்ணுவார். உண்மையில், அவர் பார்த்த முதல் காணொலியே மற்ற ஒன்பதையும் அழைத்து வந்திருக்கும்.

அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தேடுபொறிக்குப் பதிலாக நேரடியாகவே விடை கூறுகின்றன. கடினமான மருத்துவச் சொற்களை எளிய தமிழில் விளக்கிக்கொள்வதற்கும், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுப்பதற்கும் அவை உதவக்கூடும். ஆனால் சரியான விடையையும் தவறான விடையையும் அவை ஒரே உறுதியோடு சொல்லும். இல்லாத ஆய்வை இருப்பதாகச் சுட்டிய நிகழ்வுகளும் உண்டு. மருந்தின் அளவைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ அவற்றின் சொல் ஒருபோதும் போதுமானதன்று.

கேள்வியின் வடிவமே விடையின் வடிவம்

சிறுநீரகம் பழுதடைந்து ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறும் ஒருவரின் வீட்டில் யாரோ நட்சத்திரப் பழம் வாங்கி வருகிறார்கள் எனக் கொள்வோம். "நட்சத்திரப் பழத்தின் நன்மைகள்" என்று தேடினால் வைட்டமின் சி, நார்ச்சத்து, குறைந்த கலோரி என்று நன்மைகளே வரிசையாக வரும். அவற்றில் பொய் என்று எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அப்பழத்தில் மூளையையும் நரம்பையும் பாதிக்கும் ஒரு நச்சுப்பொருள் உண்டு. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் இயலாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, இறுதியில் உயிரிழப்புவரைகூடக் கொண்டுசெல்லக்கூடியது அது. "சிறுநீரக நோயாளி நட்சத்திரப் பழம் சாப்பிடலாமா" என்று கேட்டிருந்தால் இந்த எச்சரிக்கை கிடைத்திருக்கும். பழம் ஒன்றுதான், கேள்வி மாறியதால் விடை மாறுகிறது.

உப்பும் அப்படியே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் "இந்துப்பு நன்மைகள்" என்று தேடி, சமையலறை உப்பை மாற்றிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அதைத் தாராளமாகப் பயன்படுத்தினால் அழுத்தம் குறையாது. சோடியம் குறைக்கப்பட்ட உப்பு என்று கடையில் விற்கப்படுவது வேறு வகை. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கு அது நன்மை தரலாம். சிறுநீரக நோயாளிக்கோ, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் சில மாத்திரைகளை உட்கொள்பவருக்கோ அதுவே இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும் ஆபத்தாகலாம். இளநீரும் இத்தகையதே.

இவற்றிலிருந்து பெறக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொருளைப் பற்றித் தேடினாலும், நன்மைகள் என்ற சொல்லோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. உங்கள் நோயின் பெயரையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் சேர்த்து, "பக்கவிளைவு", "யார் தவிர்க்க வேண்டும்" என்ற சொற்களோடும் ஒருமுறை தேடுங்கள். நாம் நம்ப விரும்புவதற்கு எதிரான கேள்வியையும் கேட்டுப் பார்ப்பதே நேர்மையான தேடல்.

ஆய்வகத் தட்டும் மனித உடலும்

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே, முள் சீத்தாப்பழத்தைப் பற்றிய செய்தியும் உறவினர் வழியாக வந்துசேர்கிறது. கீமோதெரபியைவிட 10,000 மடங்கு ஆற்றல் உடையது என்று அச்செய்தி கூறும். இதன் வேர் எங்கே இருக்கிறது? அப்பழமரத்தின் சாறுகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றுநோய்ச் செல்களை அழித்தன என்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் உள்ள செல்லை அழிக்கக்கூடிய பொருள்கள் ஏராளம். பாத்திரம் கழுவும் சோப்புநீரும் அதைச் செய்யும். அப்பொருள் வயிற்றில் செரித்து, ரத்தத்தில் போதிய அளவு கலந்து, நலமான செல்களை விட்டுவிட்டுப் புற்றுநோய்ச் செல்களை மட்டும் அழிக்கிறதா என்பதே கேள்வி. முள் சீத்தா மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக நம்பத்தக்க மருத்துவச் சோதனை எதுவும் காட்டவில்லை. மாறாக, கரீபியன் தீவான குவாதலூப்பில், இதன் பழத்தையும் இலைக்கஷாயத்தையும் நெடுங்காலம் உட்கொள்வதற்கும் நடுக்குவாதம் போன்ற ஒரு நரம்புநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கேரளத்தில் இரும்பன் புளி என வழங்கும் பிலிம்பிக்காய், குழம்புக்குப் புளிப்பு சேர்க்கும் எளிய காய். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைச் செறிவாகக் குடித்த 10 பேர் சிறுநீரகம் செயலிழந்து அம்மாநில மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதை, மருத்துவர்கள் 2013ஆம் ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் பதிவு செய்தார்கள். அவர்களில் பலருக்கு ரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. காயில் மிகுதியாக உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். குழம்பில் இரண்டு காய் போடுவது உணவு. நாள்தோறும் குவளை நிறையச் சாறு குடிப்பது மருந்து. மருந்து எனில் அதற்கு அளவும் உண்டு, பக்கவிளைவும் உண்டு. அதை எந்த மருத்துவ மரபில் இருந்து எடுத்தாலும் இது பொருந்தும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் தகுதிபெற்ற சித்த மருத்துவரை நேரில் காண்பதே அந்த மரபுக்குச் செய்யும் மரியாதை. கூரியரில் வரும் பெயர் தெரியாத பொடியை வாங்கி விழுங்குவது அன்று.

"ஆய்வில் நிரூபணம்" என்ற சொற்றொடரும் நம்மை மயக்கக்கூடாது. 1998இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் வெறும் 12 குழந்தைகளைக் கொண்டு எழுதிய ஒரு கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பியது. பின்னர் பல நாடுகளில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகள் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை என்று காட்டின. 2010இல் அவ்விதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஆயினும் அந்த அச்சம் இன்றும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. ஆய்விதழ் தன் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். முன்னனுப்பப்பட்ட செய்தியைத் திரும்பப் பெறுவார் எவருமில்லை. ஆகவே எந்தச் செய்தியிலும் நாளைப் பாருங்கள். ஒரே ஓர் ஆய்வா, பல ஆய்வுகளின் தொகுப்பா என்று பாருங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள்.

பாதி உண்மையின் வலிமை

முழுப் பொய்யை எளிதில் கண்டுகொள்ளலாம். பாதி உண்மைதான் கடினம். "சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்ற செய்தி அவ்வகையைச் சேர்ந்தது. மெட்பார்மின் என்னும் மாத்திரை சிறுநீரகம் வழியாகவே உடலைவிட்டு வெளியேறுகிறது. எனவே சிறுநீரகத்தின் திறன் குறைந்தவர்களுக்கு மருத்துவர்கள் அதன் அளவைக் குறைக்கிறார்கள். திறன் மிகவும் குறைந்துவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். இந்த உண்மை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குச் செல்லும்போது, மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று திரிந்துவிடுகிறது. உண்மையில் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான். மாத்திரையை அஞ்சி நிறுத்தியவர், தாம் எதற்கு அஞ்சினாரோ அதையே விரைவுபடுத்திக்கொள்கிறார். காசநோய் மருந்தும் அவ்வாறே. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீளும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் தணிந்து பசி எடுக்கும். அந்நேரத்தில் மருந்தின் பக்கவிளைவுகளைப் பற்றிய ஒரு காணொலியைக் கண்டு நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

தடித்த எழுத்தும் சராசரிக் கணக்கும்

பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால், அதைத் தேடத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் தனக்குப் புற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. அறிக்கையில் உள்ள இயல்பளவு, பெரும்பாலான சோதனைகளில், நலமாக உள்ளவர்களில் 100க்கு 95 பேரின் அளவை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. அப்படியெனில், எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு அந்த எண் எல்லையைத் தாண்டியே இருக்கும். ஒரே நாளில் இருபது முப்பது சோதனைகள் செய்துகொண்டால் ஏதேனும் ஒன்று தடித்த எழுத்தில் வருவது வியப்பன்று. எண்ணை வயது, முந்தைய அறிக்கை, உடலின் அறிகுறிகள் ஆகியவற்றோடு சேர்த்துப் படிப்பதே மருத்துவரின் வேலை.

ஆயுட்காலக் கணக்கைத் தேடிப் படிப்பவர்களிடம் அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். 1982இல் அவருக்கு வயிற்றுச் சவ்வில் அரிதான ஒரு புற்றுநோய் கண்டறியப்பட்டது. நூலகத்துக்குச் சென்று தேடியபோது, இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று படித்தார். அவர் அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. இடைநிலை எட்டு மாதம் என்றால் பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம். தம் வயது, நோயின் நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பார்த்தால் தாம் அந்த நீண்ட வரிசையில் இருக்க வாய்ப்பு உண்டு என்று அவர் கணித்தார். பின்னர் 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எல்லாருக்கும் அவ்வாறு நிகழும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தின் கணக்கு தனி ஒருவரின் தீர்ப்பு அன்று என்பதே இதன் பொருள். இணையத்தில் உள்ள எண்கள் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவரையும் மருத்துவமனையையும் தேடும்போது

நோயைப் பற்றி மட்டுமன்றி, எங்கே செல்வது, யாரைக் காண்பது என்பதையும் மக்கள் இணையத்திலேயே தேடுகிறார்கள். நட்சத்திர மதிப்பீடுகளில் ஓரளவு பயன் உண்டு. வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, காத்திருக்கும் நேரம் எவ்வளவு, ஊழியர்கள் பணிவாகப் பேசுகிறார்களா என்பவற்றை அவை சொல்லக்கூடும். அறுவை சிகிச்சை சரியாக நடக்குமா என்பதை அவற்றால் சொல்ல இயலாது. விலைக்கு எழுதப்படும் பாராட்டுகளும் வசைகளும் எல்லாத் துறைகளிலும் உண்டு. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் தனியாக ஒரு தரநிலையை வெளியிட நேர்ந்தது அதனால்தான்.

சரிபார்க்கக்கூடிய சான்றுகள் சில உள்ளன. ஒருவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும், மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலும் பார்க்கலாம். பெயருக்கு முன் டாக்டர் என்று இருப்பதாலேயே ஒருவர் மருத்துவர் ஆகிவிடமாட்டார். மருத்துவமனைக்கு என்ஏபிஎச் தரச்சான்றும், ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் தரச்சான்றும் உண்டா என்று கேட்கலாம். சர்க்கரை நோய், புற்றுநோய், காசநோய், வலிப்பு, சிறுநீரகக் கல் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாந்திரீகத் தீர்வுகள் பற்றிய விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. எனவே "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று கூவும் விளம்பரத்தைக் காணும்போது, அது சட்டத்தை மீறும் விளம்பரம் என்பதை முதலில் உணருங்கள். சமூக ஊடகத்தில் உடல்நல அறிவுரை கூறி விளம்பரம் செய்வோர் தம் கல்வித் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றமும் 2023இல் நெறி வகுத்துள்ளது. தகுதியைச் சொல்லாதவரின் அறிவுரைக்குச் செவிசாய்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தேடுபவர்களுக்குப் போலி எண் கிடைப்பதும், "முன்பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்கள், இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்" என்று கூறி வங்கிக் கணக்கையே வெறுமையாக்குவதும் நடக்கின்றன. உங்கள் மருந்துச்சீட்டிலோ, பழைய ரசீதிலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தேடவே கூடாத நேரம்

சில நேரங்களில் தேடல் அறவே வேண்டாம். நெஞ்சில் அழுத்தும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் 108ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதிலும் முந்திச் செலுத்தினால் பயன் மிகுதி. விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் வடித்தால் பக்கவாதம் சரியாகும், பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்னும் செய்திகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. அவற்றைச் செய்து பார்க்கும் நிமிடங்கள், உயிர் காக்கும் நிமிடங்களில் இருந்தே கழிகின்றன.

சொல்லாமல் விடுவதன் விலை

இத்தனை கவனத்தோடு தேடினாலும் இணையத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது நீங்கள். உங்கள் வயது, எடை, பழைய நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள், சிறுநீரகத்தின் இன்றைய திறன் ஆகிய எதையும் அறியாமல் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது அது. பொதுவான செய்தி உங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் மருத்துவரின் அறை. ஆனால் அங்கேதான் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார், கேலி செய்வார், தம்மை நம்பவில்லை என்று வருந்துவார் என்ற தயக்கம் அவர்களைத் தடுக்கிறது.

அந்த மௌனத்தின் விலை பெரிது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை உட்கொள்ளும் ஒருவர், கூடவே மூலிகைப் பொடி ஒன்றையும் சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால், பரிசோதனையில் எண் ஏறி இறங்குவதன் காரணம் மருத்துவருக்குப் புரியாது. அவர் மாத்திரையின் அளவை மாற்றிக்கொண்டே இருப்பார். மருந்தைப் பாதியில் நிறுத்தியதைச் சொல்லாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி மேலும் வலிய மருந்தை எழுதுவார். அறுவை சிகிச்சைக்கு முன் மறைக்கப்பட்ட ஒரு பொடி, மேசையில் ரத்தப்போக்காக வெளிப்படலாம்.

ஆகவே அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள். எதைப் படித்தீர்கள் அல்லது பார்த்தீர்கள் என்பது ஒன்று. அது எங்கே, யார் சொன்னது என்பது இரண்டு. அதனால் எதைத் தொடங்கினீர்கள் அல்லது நிறுத்தினீர்கள் என்பது மூன்று. பொடியோ, லேகியமோ, மாத்திரையோ சாப்பிட்டால் அந்தப் புட்டியையே கொண்டு வாருங்கள். எப்படிக் கேட்பது என்று தயங்கினால், "டாக்டர், இப்படி ஒரு செய்தியைப் படித்தேன், என் உடல்நிலைக்கு இது பொருந்துமா?" என்று கேளுங்கள். இதில் எவரையும் ஐயுறுவது இல்லை. எவரையும் புண்படுத்துவதும் இல்லை. நோயாளி பேசத் தயங்கினால், உடன் வருபவர் கேட்கலாம்.

மருத்துவத் துறையின் கடமை

நோயாளியிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்திவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. "வேறு ஏதேனும் படித்தீர்களா, சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வியை மருத்துவரே ஒவ்வொரு முறையும் இயல்பாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விடை எதுவாக இருந்தாலும் கேலி இன்றிக் கேட்க வேண்டும். மருத்துவருக்கு நேரம் இல்லையெனில் செவிலியரோ, மருந்தாளுநரோ, உணவியல் ஆலோசகரோ அந்த உரையாடலைத் தொடரலாம்.

மொழியும் இதில் சேர்ந்ததே. உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஆகியவற்றின் தளங்கள் நம்பத்தக்கவை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. இட்லிக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் அங்கே இடமில்லை. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு, நல்ல செய்தி குறைவாகவும் கூச்சலிடும் காணொலி மிகுதியாகவும் கிடைக்கின்றன என்றால், அது அவருடைய குறை அன்று. எளிய தமிழில், எழுதியவரின் பெயரும் தகுதியும் நாளும் குறிப்பிட்டு, ஒவ்வொரு நோய்க்கும் துண்டுப் பிரசுரம் தருவது மருத்துவமனைகள் செய்ய வேண்டிய பணி. அது இல்லாத இடத்தில் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை விற்பதற்காக எழுதியது, உங்கள் உடல்நிலைக்குப் பொருந்துமா என்னும் இந்த நான்கு கேள்விகளையும் இணையத்திடம் மட்டுமன்றி எங்களிடமும், இந்த இதழிடமும் கேளுங்கள். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். இன்றிரவு உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தால் தயங்காமல் தேடுங்கள். கிடைத்ததைக் குறித்து வையுங்கள். மருத்துவரைக் காணும்வரை மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். அதை உட்கொண்டதால் ஒவ்வாமை தோன்றியதாக ஐயம் எழுந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையை அழையுங்கள். மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம்.